கைவிளக்கும் கணக்கேடும்: பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வும் பணியும்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களுக்கு வழிகாட்டும் பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைத் தேர்ந்துகொண்டேன். கைவிளக்கேந்திய காரிகை எனப் பள்ளிப் பாடங்களின் வாயிலாக அவரை நாம் யாவரும் அறிவோம். இரவு நேரத்தில் விளக்கொன்றைக் கையில் ஏந்தி, காயமுற்ற வீரர்களின் படுக்கைகளைச் சுற்றி வந்த கருணை வடிவமாகவே அவர் நம் நெஞ்சில் பதிந்திருக்கிறார். அது பொய்யன்று. ஆயினும் போர்க்கால மருத்துவமனையில் அவர் விளக்கேந்தி நின்ற காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. கணக்கேட்டையும் எழுதுகோலையும் ஏந்தி உழைத்த காலமோ ஏறத்தாழ 40 ஆண்டுகள். அவருடைய பெரும்பணி இப்பிற்பகுதியிலேயே நிகழ்ந்தது எனத் துணிந்து கூறலாம். பாடநூல்கள் அதிகம் பேசாத அப்பகுதியையே ஈண்டு விரித்துரைக்க விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர். பிறந்த ஊரின் பெயரையே மகளுக்கு இட்டனர். தந்தையார் வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் கேம்பிரிட்ஜில் பயின்றவர். பெண்மக்களைப் பல்கலைக்கழகங்கள் வாயிலிலேயே நிறுத்திய காலம் அது. எனவே அவரே தம் இரு பெண்களுக்கும் ஆசிரியரானார். கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் முதலிய மொழிகளையும் வரலாற்றையும் தத்துவத்தையும் வீட்டிலேயே கற்பித்தார்.

இளைய மகளாகிய பிளாரன்சுக்கோ கணிதத்தின்மேல் தணியாத வேட்கை. பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று பெற்றோர் தயங்கினர். அவர் விடவில்லை; வேண்டிப் பெற்றுப் பயின்றார். பிற்காலத்தில் ஒரு பேரரசின் இராணுவ அலுவலகத்தையே அசைத்த கருவி, வேண்டாம் என்று மறுக்கப்பட்ட இக்கல்வியே ஆயிற்று.

1837-ஆம் ஆண்டில், தம் 16-ஆம் அகவையில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அத்தொண்டு நோயாளரைப் பேணுவதே என்ற தெளிவு சில ஆண்டுகளில் பிறந்தது. 1845-இல் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெற இசைவு கேட்டார். வீட்டில் பெரும்புயல் எழுந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் நோயாளரைப் பேணும் வேலை இங்கிலாந்தில் இழிதொழிலாகவே கருதப்பட்டது. மலம், சலம், சீழ், குருதி ஆகியவற்றைத் துடைத்தெடுப்பது வேறு போக்கற்ற ஏழைப் பெண்களின் விதி என எண்ணினர். அப்பெண்கள் குடிப்பவர்கள், ஒழுக்கமற்றவர்கள் என்று ஏளனமும் செய்தனர். ஒரு தொழிலைச் செய்வோருக்குப் பயிற்சி தராமல், வயிறாறக் கூலி தராமல், மதிப்பும் தராமல் வைத்துவிட்டு, பின்னர் அவர்களே தாழ்ந்தவர்கள் என்று பழிப்பது உலகியற்கை. நம்மவர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

பிளாரன்ஸ் மனம் தளரவில்லை. வீட்டார் துயிலெழுமுன் வைகறையில் எழுந்து, மருத்துவமனைகள் பற்றிய அறிக்கைகளையும் அரசு வெளியிட்ட பொதுநல அறிக்கைகளையும் படித்துக் குறிப்பேடுகளை நிரப்பினார். தேடிவந்த திருமணத்தையும் மறுத்தார். 1851-இல் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில், பாதிரியார் பிளீட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். 1853-இல் இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்டிருக்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளரானார். அப்போது அவருக்கு அகவை 33.

ஸ்குட்டாரி மருத்துவமனை

1854-ஆம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ருசியாவின்மேல் போர் தொடுத்தன. கிரிமியப் போர் எனப்படுவது இதுவே. கருங்கடலின் வடபால் போர் நடந்தது. காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பலேற்றப்பட்டு, இன்று இஸ்தான்புல் எனப்படும் நகரின் எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே பழைய படைவீடு ஒன்று மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. வீரர்கள் கவனிப்பாரற்று மடியும் செய்தியை இலண்டன் நாளேடு வெளியிடவே, மக்கள் கொதித்தெழுந்தனர். போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியருடன் அம்மையார் புறப்பட்டார். 1854 நவம்பர் 4-ஆம் நாள் ஸ்குட்டாரியை அடைந்தார்.

இவ்விடத்தில் மற்றொரு பெண்மணியையும் நினைவுகூர்தல் நம் கடமை. ஜமைக்காத் தீவில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்த மேரி சீக்கோல் என்பார், காலரா நோயாளரைப் பேணித் தேர்ந்தவர். அவரும் இலண்டனுக்கு வந்து, கிரிமியாவுக்குச் செல்லும் செவிலியருள் ஒருவராகத் தம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டினார்; மறுக்கப்பட்டார். தம் தோலின் நிறமே காரணமோ என்று அவர் உள்ளம் நொந்தார். ஆயினும் சொந்தச் செலவில் போர்க்களம் சென்று, பாலக்லாவாவுக்கு அருகே விடுதி அமைத்து, வீரர்களுக்கு உணவும் மருந்தும் அளித்தார். ஒருவருக்குத் திறந்த கதவு மற்றவருக்குத் திறக்கவில்லை என்னும் உண்மையையும் சேர்த்தே இவ்வரலாற்றை நாம் படித்தல் வேண்டும்.

ஸ்குட்டாரியில் அம்மையார் கண்ட காட்சி கொடியது. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. நாற்றம் கூடங்களில் நிறைந்தது. துணி, சோப்பு, துடைப்பம், தட்டு என எதுவும் போதிய அளவில் இல்லை. அவர் சமையற்கூடம் அமைத்தார். சலவைக்கு ஏற்பாடு செய்தார். தம்மிடமிருந்த நிதியைக் கொண்டு பொருள்களை வாங்கிக் குவித்தார். இரவில் விளக்கேந்திக் கூடந்தோறும் நடந்தார். அவ்வளவு செய்தும் அக்குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, பெருகியது! 1855 பிப்ரவரியில் மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் என்னும் அளவில் வீரர்கள் மாண்டனர். அன்பும் உழைப்பும் மட்டும் அச்சாவைத் தடுத்து நிறுத்தவில்லை.

தடுத்தது எது? 1855 மார்ச்சில் அரசு அனுப்பிய துப்புரவுக் குழு அங்கு வந்து சேர்ந்தது. மருத்துவர் சதர்லாண்டும் பொறியாளர் ராலின்சனும் அதன் தலைமை உறுப்பினர். குடிநீர் வரும் வழியில் செத்த குதிரையொன்று கிடந்ததைக் கண்டனர். முதல் இரண்டு வாரங்களில் 556 கைவண்டிகளும் பெருங்கூடைகளும் நிறையக் குப்பை அகற்றப்பட்டது. செத்த விலங்குகள் புதைக்கப்பட்டன. கால்வாய்கள் கழுவப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, காற்றோட்டத்திற்கு வழி செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூனுக்குள் சாவு ஆயிரத்துக்கு 22 ஆகத் தாழ்ந்தது. பருவம் மாறியதும் நெரிசல் குறைந்ததும் உணவு சீரடைந்ததும் துணை செய்தன என்பது மெய்யே. ஆயினும் பெருங்காரணம் துப்புரவு.

கால்வாயைத் தோண்டியவர், கூடை சுமந்தவர், பிணங்களைப் புதைத்தவர் ஆகியோரின் பெயர்களை எந்த வரலாற்று நூலும் குறித்து வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்ததில் அக்கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

மூன்று பதிவேடுகள்

அம்மையாரை ஸ்குட்டாரியில் திடுக்கிடச் செய்தது மற்றொன்றும் உண்டு. இறந்தோரின் எண்ணிக்கையே அங்கு எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாவுகளையும் அடக்கங்களையும் குறிக்க மூன்று வெவ்வேறு பதிவேடுகள் இருந்தன. மூன்றும் மூன்று கணக்குக் காட்டின. ஒரே நோயை ஒரு மருத்துவர் ஒரு பெயராலும் மற்றொருவர் வேறு பெயராலும் எழுதினர். எத்தனை பேர் இறந்தனர் என்றே தெரியாதபோது, ஏன் இறந்தனர் என்று எவ்வாறு அறிவது? ஏன் என்று அறியாதபோது, இனி இறவாமல் எவ்வாறு தடுப்பது? இவ்வினாக்களே அவரை வாழ்நாள் முழுவதும் இயக்கின.

1856 ஆகஸ்டில் அவர் தாயகம் திரும்பினார். வரவேற்பு விழாக்களைத் தவிர்த்து, பிறர் அறியாமல் வீடு சேர்ந்தார். கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவர் உடலைச் சிதைத்திருந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அறையை விட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. ஆனால் அந்த அறையே ஆய்வுக்கூடமாயிற்று.

இலண்டனில் அவருக்குக் கிட்டிய பெருந்துணை வில்லியம் பார் என்பவர். இவர் பிறந்தது ஷ்ராப்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வறிய உழைப்பாளர் குடும்பத்தில். ஊர்ப் பெரியவர் ஒருவர் சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு வளர்த்துப் படிக்கவைத்தார். தாம் இறக்கும்போது மேற்படிப்புக்குப் பொருளும் வைத்துச் சென்றார். அவ்வுதவியால் பாரிசில் மருத்துவம் பயின்ற பார், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்து சுமார் 40 ஆண்டுகள் உழைத்தார். யார், எவ்வூரில், எவ்வகவையில், எந்நோயால் இறந்தார் என்பதை நாடு முழுவதற்கும் ஒரே முறையில் வகைப்படுத்தினார். நலவாழ்வுப் புள்ளியியல் என்னும் துறைக்கு அடித்தளமிட்டோருள் அவர் தலையாயவர். ஒரு வறிய சிறுவனின் படிப்புக்கு ஒருவர் செய்த உதவி ஒரு நாட்டின் உயிர்க்கணக்கையே திருத்தியது. நம் சங்கம் போன்ற அமைப்புகளின் பணிக்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

செல்வச் சீமாட்டியும் உழைப்பாளி மகனும் சேர்ந்து கிரிமியப் போரின் கணக்கை ஆராய்ந்தனர். அப்போரில் ஆங்கிலப் படையில் ஏறத்தாழ 21,000 பேர் மாண்டனர். களத்திலும் காயத்தாலும் இறந்தோர் 5,000-க்கும் குறைவு. நோயால் இறந்தோரோ 16,000-க்கும் மேல்! பகைவரின் குண்டைவிடத் தம் படையின் சாக்கடையே கொடிய பகை எனக் கணக்குச் சொல்லிற்று.

மற்றுமோர் உண்மையும் வெளிப்பட்டது. ஸ்குட்டாரிக்கு வந்த வீரர்கள் பட்டினியாலும் களைப்பாலும் முன்னரே நலிந்து, காலங்கடந்து வந்தமையால் இறந்தனர் என்றே அம்மையார் முதலில் எண்ணியிருந்தார். கணக்கோ, அம்மருத்துவமனையின் நெரிசலும் சாக்கடையும் காற்றோட்டமின்மையுமே பலரைக் கொன்றன எனக் காட்டிற்று. தாம் பொறுப்பேற்றுப் பணியாற்றிய இடமே எல்லாவற்றினும் மோசமானது என்பதை ஏற்பது எளிதா? நாடே தம்மைத் தெய்வமாகப் போற்றும் வேளையில் அதனை மறைத்துவிடுதல் எத்துணை எளிது! அவர் மறைக்கவில்லை. ஸ்குட்டாரியின் சாவுக்கணக்கைத் தம் அறிக்கையின் நடுவிலேயே வைத்தார்.

வண்ண வட்டம்

அமைச்சர்களும் பிரபுக்களும் எண் நிறைந்த பட்டியல்களைப் படிக்கமாட்டார்கள் என்பதை அம்மையார் அறிந்திருந்தார். எனவே 1858-இல் வெளியிட்ட அறிக்கையில் எண்களைப் படமாக்கினார். ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு கூறுகளாகப் பகுத்தார். ஒவ்வொரு கூறும் ஒரு திங்களைக் குறிக்கும். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவு நீலம். காயத்தால் நேர்ந்தது சிவப்பு. பிற காரணங்களால் நேர்ந்தது கறுப்பு. சாவின் அளவுக்கேற்பக் கூறின் பரப்பு விரியும். அப்படத்தைக் கண்டோர் கண்முன் நீலம் பரந்து கிடந்தது; சிவப்போ சிறு கீற்றாகத் தோன்றியது. எழுத்தறியாதவரும் அதன் பொருளை ஒரு நொடியில் உணர்வர்.

போர் இல்லாத காலத்திலும் படைவீடுகளில் வாழ்ந்த இளம் வீரர்கள், அதே அகவையுடைய குடிமக்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாக இறந்தனர் என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1857-இல் அமைந்த அரச ஆணையத்தின் வாயிலாக இவ்வுண்மைகள் நிலைநாட்டப்பட்டன. படைவீடுகள் திருத்தியமைக்கப்பட்டன. படைமருத்துவர்க்கு 1860-இல் தனிக் கல்லூரி தொடங்கப்பட்டது. இராணுவ மருத்துவத் துறையில் புள்ளிவிவரப் பிரிவு ஏற்பட்டது. இலண்டன் புள்ளியியல் கழகம் 1858-இல் அவரைத் தன் உறுப்பினராக்கியது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதற்பெண் அவரே.

1860-இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளும் ஒரேவகைப் படிவத்தில் நோயாளர் கணக்கை வைக்கவேண்டும் என்னும் திட்டத்தை அவர் முன்வைத்தார். ஒரு மருத்துவமனையின் விளைவை மற்றொன்றோடு ஒப்பிட்டால்தான் எது நன்று என்று அறியமுடியும் என்பது அவர் கருத்து. சில மருத்துவமனைகள் அதனைக் கைக்கொண்டன. படிவம் மிகச் சிக்கலானதாக இருந்தமையால் நிலைபெறவில்லை. 1861-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயுற்றோரின் எண்ணிக்கையையும் குடியிருக்கும் வீடுகளின் நிலையையும் சேர்க்கவேண்டும் என வாதாடினார். நாடாளுமன்றம் மறுத்தது. வீட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு ஏட்டில் ஏறினால், ஏழையர் வீடுகளைத் திருத்தும் கடமையும் உடன் ஏறும் அன்றோ!

செவிலியர் கல்வி

கிரிமியப் பணிக்கு நன்றியாக மக்கள் திரட்டிய நிதி 44,000 பவுனுக்கும் மேல் சேர்ந்தது. அதனைக் கொண்டு 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். முதலில் சேர்ந்தோர் 15 பேரே. உண்டியும் உறையுளும் சீருடையும் இலவசம். ஆண்டுக்கு 10 பவுன் உதவித்தொகையும் உண்டு. பணமில்லாமையால் எவரும் படிப்பை இழக்கலாகாது என்னும் கருத்தே இதன் அடிப்படை. மருத்துவர்களின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெழுதுவதும், நோயாளரை உற்றுநோக்கி நாட்குறிப்பு எழுதுவதும் மாணவியர் கடமை. ஒவ்வொரு மாணவியின் திறமும் ஒழுக்கமும் திங்கள்தோறும் படிவத்தில் பதியப்பட்டன.

செவிலியர்க்கு முதற்பாடம் உற்றுநோக்கல் என்றே அவர் கருதினார். நோயாளி நன்றாக இருக்கிறார் என்று பொதுப்படக் கூறுவதில் பயனில்லை. எத்தனை மணிநேரம் உறங்கினார், எவ்வளவு உண்டார், எப்போது காய்ச்சல் ஏறிற்று எனத் திட்டமாகக் கூறவேண்டும். 1859-இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில் இதனை வலியுறுத்தினார். அந்நூலை 1861-இல் உழைக்கும் மக்களுக்கென மலிவுப் பதிப்பாகவும் வெளியிட்டார்.

இப்பள்ளியின் மாணவியர் பல இடங்களுக்கும் சென்றனர். ஆக்னஸ் ஜோன்ஸ் என்பார் லிவர்ப்பூலில் வறியோர் விடுதி மருத்துவமனையைச் சீர்திருத்தினார். அங்கேயே நோய் தொற்றி 1868-இல் உயிர் நீத்தார். லூசி ஆஸ்பர்ன் அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குச் சென்றார். இழிதொழில் எனப்பட்டது ஒரு தலைமுறைக்குள் கல்வித்துறையாக உயர்ந்தது. வேலை மாறவில்லை, அதே மலத்தையும் சீழையுமே துடைத்தனர். பயிற்சி வந்தது, ஊதியம் வந்தது, சான்றிதழ் வந்தது. மதிப்பும் பின்தொடர்ந்து வந்தது.

தம் ஆய்வுக்குத் தாமே கட்டுப்படும் நேர்மை அவரிடம் இறுதிவரை இருந்தது. கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவச்சியர் பயிற்சிக்கென அவருடைய நிதியம் ஒரு மகப்பேற்றுக் கூடத்தை நடத்தியது. அங்கே பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் தாய்மார் இறப்பதைக் கணக்குக் காட்டவே, 1867-இல் அக்கூடத்தை மூடிவிட்டார். பின்னர்ப் பல மருத்துவமனைகளின் விவரங்களைத் திரட்டி, ஏழைப்பெண்கள் தம் குடிசையில் பிள்ளை பெறுவதைவிட அக்கால மருத்துவமனையில் பெறுவதே ஆபத்து மிகுந்தது என 1871-இல் நூலாக எழுதினார். நல்லெண்ணத்தோடு தொடங்கியதாயினும் தீமை விளைவித்தால் நிறுத்தவேண்டும். விளைவித்ததா என்பதைக் கணக்கே கூறவேண்டும்.

குறையும் அவரிடம் உண்டு. கெட்ட காற்றே நோயைத் தோற்றுவிக்கிறது என்னும் பழைய கொள்கையை நெடுங்காலம் நம்பினார். நுண்ணுயிர்களே காரணம் என்பதை மிகத் தாமதமாகவே ஏற்கத் தொடங்கினார். கொள்கையில் பிழை இருந்தும் கழிவகற்றலும் தூயநீரும் பயன் தந்தன. அப்பயனை எண்கள் உறுதி செய்தன. காரணம் பற்றிய கருத்துகள் மாறலாம். நேர்மையாக எடுத்த கணக்கு நிலைத்து நிற்கும்.

இந்தியாவும் அம்மையாரும்

நம் நாட்டுக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையின் நலநிலையை ஆராய 1859-இல் அரச ஆணையம் அமைந்தது. அம்மையார் விரிவான வினாப்படிவம் ஒன்றை வகுத்து, இந்தியப் படைநிலையங்கள் பலவற்றுக்கும் அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, எத்தனை பேர் எந்நோயால் இறந்தனர் என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. விடைகள் வண்டி வண்டியாக வந்து குவிந்தன. 1863-இல் வெளிவந்த அறிக்கை, படைவீரருள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிவதைக் காட்டியது. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் துப்புரவு ஆணையங்கள் ஏற்பட்டன. 1873-இல் அம்மையார் வெளியிட்ட கணக்கின்படி அச்சாவு ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்தது. இந்தியாவுக்கு ஒருநாளும் வாராமலே, படுக்கையில் இருந்தபடியே இதனைச் சாதித்தார்.

படைவீரருக்காகத் தொடங்கிய ஆய்வு அவரை இந்திய மக்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. ஊர் மக்கள் நோயில் வாட, படைவீடு மட்டும் நலமாக இராது என்பதை உணர்ந்தார். சிற்றூர்த் துப்புரவு, பாசனம், பஞ்சம், உழவர் கடன் ஆகியவை பற்றித் தொடர்ந்து எழுதினார். கொள்ளிடத்தில் அணைகள் கட்டிய ஆர்தர் காட்டன், பாசனம் பற்றிய செய்திகளில் அவருக்குத் துணையாக இருந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய கொடும்பஞ்சத்தின்போது, நம் உழவர்களின் துன்பத்தை ஆங்கிலேயர்க்கு எடுத்துரைத்தோருள் அவரும் ஒருவர்.

முதுமையிலும் ஒரு கனவு அவருக்கு இருந்தது. ஆட்சி செய்வோர் புள்ளிவிவரங்களைப் பயன்படுத்தக் கற்கவேண்டும்; அதற்கென ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படவேண்டும் என 1891-இல் முயன்றார். அது கைகூடவில்லை. 1907-இல் பேரரசின் உயர்விருதான ஆர்டர் ஆப் மெரிட்டைப் பெற்ற முதற்பெண்ணானார். அப்போது அவர் கண்ணொளி மங்கியிருந்தது. 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தம் 90-ஆம் அகவையில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யும் பெருமையை, அவர் விருப்பத்திற்கேற்பக் குடும்பத்தார் மறுத்தனர். ஊர்க் கோயில் ஒன்றின் இடுகாட்டில், பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும் மட்டும் பொறித்த கல்லின்கீழ் அவர் துயில்கிறார். அவர் பிறந்த மே 12 உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் கொள்ள வேண்டியவை

இளைஞர்களே! இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? இரக்கம் வேண்டும், ஆனால் இரக்கம் மட்டும் போதாது. துன்பத்தை எண்ணி, எழுதி, வகைப்படுத்தி, ஆள்வோர் மறுக்கமுடியாதபடி முன்வைத்தல் வேண்டும். எண்ணப்படாத சாவு நடவாத சாவாகவே கருதப்படும்.

அண்ணல் அம்பேத்கர் இதனை நன்கறிந்தவர். 1928-இல் சைமன் குழுவுக்கு, பம்பாய் மாகாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி நிலை பற்றி அளித்த அறிக்கையைப் புள்ளிவிவரங்களைக் கொண்டே அவர் அமைத்தார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்து 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்தோர் குடும்பங்களைக் கண்டறிந்து பத்து இலட்ச ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆனால் இறந்தவர் பெயரும் நாளும் இடமும் காரணமும் ஏட்டில் இல்லையேல், அத்தொகை அவர்தம் மனைவி மக்களை எவ்வாறு சென்றடையும்? ஸ்குட்டாரியின் மூன்று பதிவேடுகள் கற்பித்த பாடம் இன்றும் நம் வாசலில் நிற்கிறது.

நம் பிள்ளைகள் செவிலியராகவும் மருத்துவராகவும் சுகாதார ஆய்வாளராகவும் வருவதைக் கண்டு மகிழ்கிறோம். அவர்களுள் சிலர் புள்ளியியலும் பயிலவேண்டும் என்பது என் விருப்பம். கணிதம் நமக்கு வாராது என்று எவரேனும் கூறின் நம்பாதீர்கள். மேலும், கணக்கெடுக்கும்போது விடையை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். நமக்குச் சாதகமானதை எழுதி, பாதகமானதை மறைப்பவர் ஆய்வாளர் அல்லர்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன். இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் குடியிருப்புகளுக்கென ஒரு பதிவேடு தொடங்குவோம். எத்தனை வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் உண்டு, எத்தனை வீடுகளுக்குக் கழிப்பறை உண்டு, எத்தனை குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தனர், எத்தனை பேர் எவ்வகுப்பில் நின்றனர், ஏன் நின்றனர், யார் எந்நோயால் மறைந்தனர் என ஆண்டுதோறும் ஒரே முறையில் எழுதுவோம். நம் சங்கத்தின் உதவி பெற்றும் படிப்பை நிறுத்தியோர் கணக்கும் அதில் மறையாமல் இடம்பெறட்டும். 25 ஆண்டுகள் கழித்துச் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இன்றைய மாணவர் எவரேனும் அவ்வேட்டை விரித்து, இவ்வளவு மாறியிருக்கிறது, இவ்வளவு இன்னும் மாறவேண்டும் என்று எடுத்துக்காட்டுவாராக.